வாசல்: மூன்றாம் பொருள்

என் மனைவி என்னை விட்டுப் போனதற்கு ஒரு சொல்தான் காரணம் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். குடி, சீட்டாட்டம், இன்னொருத்தி என்று எதையாவது சொன்னால் உடனே தலையாட்டுவார்கள். நான் அகராதி வேலை பார்ப்பவன். என் தலையில் மண் விழுவதென்றால் அதுவும் சொல்லால்தான் விழும்.

இரண்டாவது மாடியில் மூன்று அறைகள் எங்கள் அலுவலகம். சுவர் முழுக்கச் செருப்புப் பெட்டிகள், பெட்டி முழுக்கச் சீட்டுகள். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு சொல், யாரோ எங்கோ அதைச் சொன்ன ஒரு வாக்கியம். பதினொரு வருடமாக இந்தச் சீட்டுகளுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடக்கிறேன். கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டோம், 'வ' நடக்கிறது. தலைமைப் பதிப்பாசிரியர் ஒரு அம்மா. அவர் வாயைத் திறந்தால் பேச்சு அத்தோடு தீர்ந்தது என்பதால் முதுகுக்குப் பின்னால் அவருக்கு முற்றுப்புள்ளி என்று பெயர்.

'வாயில்' என்ற சொல்லுக்காக அவரும் நானும் மூன்று வாரம் மல்லுக்கு நின்றோம். கோட்டைக்கும் அரண்மனைக்கும் உள்ள பெருங்கதவைச் சொல்லும் சொல் அது. வீட்டின் வாய், அதாவது 'இல்வாய்' என்பதுதான் முன்பின்னாக மாறி 'வாயில்' ஆயிற்று என்பது அவர் கட்சி. வாய் என்றாலே வழிதான், இல் என்றால் இடம்தான், எதையும் திருப்பிப்போட வேண்டியதில்லை என்பது என் கட்சி. கடைசியில் இரண்டையும் போட்டோம். அவருடையதை முதலில் போட்டோம், அதைச் சொல்லவும் வேண்டுமா?

அந்தச் சொல்லுக்கு வேறு உத்தியோகங்களும் உண்டு. 'வாயிலாக' என்றால் மூலமாக. கண், காது முதலான ஐந்தும் வாயில்கள். பழைய பாட்டுகளில், கோபித்துக்கொண்ட மனைவியிடம் கணவன் தூது அனுப்பும் ஆளுக்கும் வாயில் என்றுதான் பெயர். அந்த ஆளை அவள் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினால் அதற்கு வாயில் மறுத்தல் என்று பெயர். எழுத்தில் பார்த்தால் 'வாய்க்குள்' என்றும் படிக்கலாம், 'வாய் இல்லாத' என்றும் படிக்கலாம். கடைசியாகச் சொன்னது என்னைப் பார்த்துச் செய்த மாதிரி இருக்கிறது.

அப்புறம் உயிர் உசிரான மாதிரி வாயில் வாசலாயிற்று. ராஜாவுக்கு வாயில், நமக்கு வாசல். வாசலுக்கு நாங்கள் மூன்று பொருள் கொடுத்திருந்தோம். முதலாவது, வீட்டுக்குள் நுழையும் இடம். இரண்டாவது, அதற்கு முன்னால் உள்ள வெளி. மூன்றாவதுதான் வம்பு: 'வரை' என்பதோடு சேர்ந்து, ஒன்று கிட்டத்தட்ட வந்தேவிட்ட நிலை. எல்லாரும் சொல்கிறார்கள், ஆனால் எந்தப் பெட்டியிலும் அதற்கு ஒரு வாக்கியம் இல்லை. வாக்கியம் இல்லாமல் பொருள் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் விதி.

என்னிடம் ஒரு வாக்கியம் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் எங்களுக்கு ஒரு குழந்தை பிறந்தது. பத்து மாதமும் நிறைந்து, அழாமல் பிறந்தது. மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த என் மனைவி திடீரென்று சொன்னாள்: "குழந்தை வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிடுச்சு." வெளியே தாழ்வாரத்துக்குப் போய், ரத்தப் பரிசோதனைச் சீட்டின் பின்பக்கத்தில் அந்த வாக்கியத்தை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கை பழக்கத்தில் செய்ததா, நெஞ்சு தாங்காமல் செய்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எதுவானாலும் அசிங்கம்தான். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தவிர்க்க முடியாத இடத்தில் நான் 'அப்போ நடந்தது' என்பேன். அவள் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள்.

மூன்றாம் பொருள் வந்தபோது அந்தச் சீட்டை எடுத்தேன். அப்படியே போட மனம் வரவில்லை. அவள் வார்த்தையை ஊருக்குக் காட்டுவதா என்று கூசியது. விடவும் மனமில்லை, அத்தனை கச்சிதமான வாக்கியம். ஆகவே எழுத்து நடைக்கு மாற்றி, குழந்தையை எடுத்துவிட்டு வேறொருவரைப் போட்டேன். 'வாசல்வரை வந்த விருந்தினர் திரும்பிப் போய்விட்டார்.' இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று நிம்மதியாக இருந்தேன்.

கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள் என் வீட்டிலேயே இருக்கிறாள் என்பது இந்த மண்டைக்கு எட்டவில்லை. அவள் மருந்துக்கடையில் மருந்து கொடுப்பவள், ஒரு எழுத்து மாறினால் ஆள் போய்விடும் என்று பழகிய கண். கல்யாணமான நாளிலிருந்து கடைசிப் படியை அவள்தான் எனக்கு வாசித்துக் காட்டுவாள். காலையில் வேலைக்குப் போகுமுன் சமையலறை மேசையில் உட்கார்ந்து, காற்புள்ளி அரைப்புள்ளி உட்பட அவள் வாசிக்க, கைப்பிரதியை வைத்துக்கொண்டு நான் சரிபார்ப்பேன். வேறு எந்தப் பேச்சும் இல்லாமல் போன பிறகும் அந்த வாசிப்பு மட்டும் எங்களுக்குள் நிற்கவில்லை.

நேற்றுக் காலையும் வாசித்தாள். வாசம் முடிந்து வாசல் வந்தது. மூன்றாம் பொருளை வாசித்தாள், வாக்கியத்தை வாசித்தாள், நிறுத்தினாள். மறுபடி ஒருமுறை, மெதுவாக வாசித்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, "இது யார் சொன்னது?" என்று கேட்டாள்.

நாக்கு அழுகியிருக்கலாம் எனக்கு. "பொதுவா எல்லாரும் சொல்றதுதான்" என்றேன்.

அவள் தாளை மேசையில் வைத்தாள், பறந்துவிடாமல் மேலே உப்பு ஜாடியையும் வைத்தாள். உள்ளே போனாள். பத்து நிமிடத்தில் பையோடு வந்தாள். அக்கா வீட்டுக்கு என்றாள். மூன்று தெரு தள்ளித்தான் அக்கா வீடு, அதற்கு எதற்கு அவ்வளவு பெரிய பை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நேற்று முழுக்க அவள் போனை எடுக்கவில்லை. இன்று காலை முதல் வேலையாக என் சகலையைத் தூது அனுப்பினேன். அவர் லிப்ட் பழுதுபார்ப்பவர். எந்த லிப்டும் அவர் கைபட்டால் ஓடும், எந்தப் பேச்சும் அவர் கைபட்டால் பாதி மாடியில் நின்றுவிடும். வேறு ஆள் இல்லை எனக்கு. பன்னிரண்டரைக்குத்தான் அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

முதலில் வெயிலைப் பற்றிப் பேசினார். அப்புறம், கோபித்துக்கொள்ளாதீர்கள் என்றார். மருந்துக்கடைக்காரர்கள் வெளியூரில் புதுக் கிளை திறந்திருக்கிறார்கள், அவளை அங்கே வரச்சொல்லி இரண்டு முறை கேட்டு இரண்டு முறையும் என்னைக் காரணம் காட்டி மறுத்திருந்தாள், நேற்று அவளாகவே போன் செய்து வருகிறேன் என்று சொல்லிவிட்டாளாம். ஆறு மணி பஸ். திரும்பி வருகிற மாதிரித் தெரியவில்லை என்றார்.

"என்னதான் சொல்றா சகல? ஒரு வார்த்தையாவது சொன்னாளா?"

"ஒரே வார்த்தைதான் சகல. 'அதுல போட்டிருக்கிறது நான் சொன்னது இல்லை'ன்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னா. எனக்கு ஒண்ணும் புரியல, உங்களுக்குப் புரியும்னா."

எனக்குப் புரிந்துவிட்டது. பதினொரு வருடமாகச் சொற்களுக்குப் பொருள் எழுதுகிறவனுக்குப் புரியாமலா போகும்? தன் வாக்கியம் அங்கே இருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை, நான் அதைச் சொல்லவே இல்லை என்று கைகழுவுகிறாள். அந்த வாக்கியத்தைத் தடம் தெரியாமல் எடுத்துவிட்டால் போதும், ஆறு மணிக்குள் அவள் முன்னால் போய் நின்று எடுத்துவிட்டேன் என்று சொன்னால் போதும். பையை அவள் கீழே வைத்துவிடுவாள்.

முற்றுப்புள்ளியின் அறைக்கு ஓடினேன். அந்தப் பக்கம் நேற்றே அச்சகத்துக்குப் போய்விட்டது, இன்று மூன்று மணிக்கு ஓட்டுகிறார்கள், இனி ஒரு புள்ளியைக்கூடத் தொட முடியாது என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது. நான் நகரவில்லை. கெஞ்சினேன். காலில் விழாத குறை. என்ன பிழை என்று கேட்டார். பிழை இல்லை என்றேன். பிழை இல்லாததை ஏன் திருத்த வேண்டும் என்றார். அந்த வாக்கியம் என் மனைவி சொன்னது என்றேன். சொன்னவர்களிடம் அனுமதி கேட்டா சீட்டு எழுதுகிறோம், அப்படியானால் ஊரில் பாதிப்பேர் வீட்டு வாசலில் நாம் நிற்க வேண்டும் என்றார். அதற்கு அவரே லேசாகச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"உடம்பு சரியில்லையா உங்களுக்கு?"

"இன்னிக்கு அது மாறலைன்னா எனக்குக் குடும்பமே இல்லம்மா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இத்தனை வருடத்தில் அந்த அம்மா தன் பேச்சை மறுபடி எடுத்ததை இன்றுதான் பார்த்தேன். வாக்கியத்தை எடுக்க முடியாது, எடுத்தால் பொருளும் போகும், பத்தி மேலேறும், பின்னால் எல்லாப் பக்கமும் ஆடும் என்றார். அந்த ஒரே வரிக்குள், வரி நீளாமல், ஒரு சொல்லை, அதற்கேற்ற வினைமுடிவோடு, மாற்றிக்கொள்ளலாம். என்ன சொல் என்பது என் பாடு. அச்சகத்துக்குத் தானே போன் செய்து, புது அச்சுத் தகடு போடச் சொல்லுவதாகச் சொன்னார். பிறகு வழக்கமான குரலில், ஒரே சொல், இரண்டு இல்லை என்று முடித்தார்.

அச்சகத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் பஸ் நடுவழியில் நின்று மூச்சு வாங்கியது. இறங்கி ஓடினேன். எனக்கு நாற்பத்தாறு வயது, மாடிப்படி ஏறினாலே இளைக்கும். மனதுக்குள் 'மூன்று மணி, மூன்று மணி' என்று மட்டும்தான் ஓடியது. போய்ச் சேர்ந்தபோது இரண்டே முக்கால்.

கணினி முன்னால் அச்சகக்காரர் உட்கார்ந்திருந்தார். நகக்கண்ணெல்லாம் மை ஏறிய மனிதர், அவரை எல்லாரும் மை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் பக்கம் திரையில் திறந்திருந்தது. விருந்தினரை அழித்துவிட்டு, அந்த இடத்தில் கோடு கண்சிமிட்ட, "சொல்லுங்க சார்" என்றார்.

சொல்ல ஒன்றுமில்லை எனக்கு. ஒரு லட்சம் சீட்டு பார்த்தவன், ஒரு பெயர்ச்சொல் கிடைக்காமல் திருதிருவென்று விழித்தேன். நண்பர்? அதுவும் உள்ளே வர வேண்டியவர்தானே. உறவினர்? ஐயோ, வேண்டாம். அவளுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாத, யாரும் எதிர்பார்த்துக் காத்திருக்காத, வந்தாலும் போனாலும் மனதைத் தொடாத ஒரு ஆள் வேண்டும். விரல்விட்டு எழுத்து எண்ணினேன். விருந்தினர், ஆறு எழுத்து.

"தபால்காரர்" என்றேன். அதுவும் ஆறு. அச்சாகப் பொருந்தியது, வரி இம்மியும் அசையவில்லை.

மை அண்ணன் படித்துப் பார்த்தார். 'வாசல்வரை வந்த தபால்காரர் திரும்பிப் போய்விட்டார்.'

"யாரா இருந்தா என்ன சார்" என்றார். "பாவம், வந்தவர் உள்ள வரல, அவ்வளவுதானே."

அப்படியே போடச் சொன்னேன். தகடு தயாராகி இயந்திரம் ஓடத் தொடங்கும்வரை அங்கேயே நின்றேன், கண்ணால் பார்த்தால்தான் நம்பிக்கை வரும் என்று. நாலேகால் மணிக்கு முதல் தாள்கள் வந்தன. ஒன்றைக் கேட்டு வாங்கி, மை ஒட்டாமல் சுருட்டி எடுத்துக்கொண்டேன். பின்னால் இயந்திரம் ஐயாயிரம் பிரதிக்கு ஓடிக்கொண்டிருந்தது. திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நான் நின்றுகொண்டே வந்தேன். இரண்டு நாளில் முதல்முறையாக எனக்குப் பசித்தது.

அக்கா வீடு மூன்றாவது மாடி. என் சகலையின் கட்டடத்திலேயே லிப்ட் ஓடவில்லை, அதைப் பற்றிப் பிறகு அவரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று படியேறினேன். அவர் வெளியே தாழ்வாரத்தில் நின்றிருந்தார், காலடியில் அந்தப் பெரிய பை. என்னைப் பார்த்ததும், நான் எவ்வளவோ சொன்னேன் சகல என்று ஆரம்பித்தார். நான் சொல்லிக்கொள்கிறேன் என்று மணியை அடித்தேன். மணி ஐந்து பத்து.

கதவு ஒரு சாண் திறந்தது. சங்கிலி போட்டிருந்தது. அந்த இடைவெளியில் என் மனைவியின் முகம் பாதி தெரிந்தது. கண் வீங்கியிருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறது, என்ன வேண்டும் என்று கேட்டாள்.

மாற்றிவிட்டேன் என்றேன். மூச்சிரைப்பில் முன்பின்னாகச் சொன்னேன்: முற்றுப்புள்ளி, பஸ், மூன்று மணி, புதுத் தகடு. இந்த அகராதியில் இதுவரை யாருக்கும் கிடைக்காத சலுகை என்றேன். ஒரே ஒரு சொல்தான் மாற்ற விட்டார்கள், ஆனால் அது போதும், மாற்றிவிட்டேன் என்றேன்.

சங்கிலிக்குப் பின்னால் அவள் முகம் மாறியது. கல்யாணமான புதிதில் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன். அவள் கை தானாகச் சங்கிலிக்குப் போனது.

"நிஜமாவா?" என்றாள். "அத்தாங்கிட்ட சொல்லி அனுப்பினேனே, புரிஞ்சுதா உங்களுக்கு?"

"புரிஞ்சுதும்மா."

"காட்டுங்க."

தாளை இடைவெளிக்குள் நீட்டினேன். அவள் அங்கேயே பிரித்தாள். எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கவில்லை அவளுக்கு. பழக்கத்தில் சத்தமாகவே வாசித்தாள். "வாசல்வரை வந்த..." என்றவள் நின்றாள். மிச்சத்தை வாசிக்கவில்லை. நான் காத்திருந்தேன். சங்கிலியிலிருந்து கை இறங்கியது.

"தபால்காரர்" என்றாள்.

"இனி யாருக்கும் தெரியாது. யாராலயும் கண்டுபிடிக்க முடியாது."

"நான் ஏன் கோச்சுக்கிட்டேன்னு நினைச்சீங்க?"

நீ சொன்னதைப் புத்தகத்தில் போட்டேன், அதற்குத்தானே என்று மென்று விழுங்கினேன்.

"போட்டதுக்கு எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள். குரல் உயரவே இல்லை. "நீங்க அன்னிக்கு எழுதி வெச்சுக்கிட்டீங்கன்னு தெரிஞ்சதும் ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக்கூட இருந்துச்சு. என்கூடச் சேர்ந்து இவரும் சுமந்திருக்காருன்னு. அதுக்கப்புறம்தான் பார்த்தேன், விருந்தினர். வேற வீட்டிலேருந்து வந்த ஆளா அது? யார் சொன்னதுன்னு கேட்டா, எல்லாரும் சொல்றதுன்னீங்க. அதனாலதான் சொல்லி அனுப்பினேன், அது நான் சொன்னது இல்லைன்னு. நான் சொன்னது குழந்தை."

சகலை பையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் தாளை மடித்தாள், நாலாக, ஓரத்தை நகத்தால் நீவி.

"ஒரு சொல் மாத்திக்கலாம்னு சொன்னாங்க உங்களுக்கு" என்றாள். "குழந்தைக்கு நாலு எழுத்துதான். இடம் இருந்திருக்கும்."

தாள் இடைவெளி வழியாக வெளியே வந்தது. நான் வாங்கிக்கொண்டதும் கதவு மூடிக்கொண்டது. அடித்துச் சாத்தவில்லை, சாதாரணமாகச் சாத்தினாள், அதுதான் பயமாக இருந்தது.

நான் கதவைத் தட்டினேன். தபால்காரரை எடுத்துவிடுகிறேன் என்றேன், இப்போதே போகிறேன் என்றேன். அச்சகத்தில் ஐயாயிரம் தாள் ஓடி முடிந்திருக்கும் என்பது அவளுக்கும் தெரியும். உள்ளே அவள் செருப்பை மாட்டும் சத்தம் கேட்டது. பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம்கூட இல்லை. என்ன சொன்னால் நிற்பாள் என்று தெரியவில்லை. கற்ற வித்தையில் ஒன்றுகூடக் கைகொடுக்கவில்லை. சகலை என் தோளைத் தொட்டு, வாங்க சகல, கொஞ்சம் உட்காருங்க என்றார். அவர் கையைத் தள்ளிவிட்டேன். நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டேன், பெயிண்ட் சில்லென்றிருந்தது.

இரண்டு வருடமாக அந்தச் சொல் என் வாய்க்குள்ளேயே கிடந்தது. அதை வெளியே தள்ள எனக்குச் சத்தம் வரவில்லை. முதலில் வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றேன்.

"நம்ம குழந்தை" என்றேன். "நம்ம குழந்தை வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிடுச்சு."

எதிர் வீட்டில் யாரோ கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. உள்ளே செருப்புச் சத்தம் கதவுக்கு அருகில் வந்து நின்றது. சங்கிலி அசையவில்லை. நான் காத்திருந்தேன்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள் கதவுக்குப் பின்னாலிருந்து.

சொன்னேன்.